மாசி, பங்குனியில் ஏரிக்கரை: பறவைகள் கிளம்பும் நாளைக் குறித்து வைப்பது எப்படி?

வலசைப் பறவை வந்து சேர்ந்த நாளை நிறையப் பேர் குறித்து வைக்கிறார்கள். மழைக்காலத்துக்கு முன்னே முதல் வாலாட்டி மொட்டை மாடியில் வந்து இறங்கினால் அன்றைக்கே நண்பர்களுக்குச் செய்தி போய்விடும். அதே வாலாட்டி எந்த நாளில் ஊரைவிட்டுப் போனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கடினம். புதிதாக வந்த பறவை கண்ணில் படும். போன பறவை படாது. சில வாரம் கழித்து ‘காணோமே’ என்று தோன்றும்போது தேதி கைநழுவியிருக்கும்.

தமிழ்நாட்டில் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை நடப்பது இந்தப் புறப்பாடுதான். வடக்கு ஆசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வசந்தம் என்றால் பறவைகள் வந்து இறங்கும் காலம். அந்தப் பயணம் தொடங்குகிற முனை நம் ஏரி. அதே வாரங்களில் இங்கேயே இருக்கும் பறவைகள் ஜோடி சேர்ந்து கூடு கட்டத் தொடங்கும். ஒரே கரையில், ஒரே காலையில் இரண்டும் கலந்து கிடக்கும். எது கிளம்புகிறது, எது குடும்பம் நடத்துகிறது என்று பிரித்துப் பார்க்கவும், பார்த்ததைப் பிறருக்கும் பயன்படும் குறிப்பாக எழுதவும் தொடங்குகிறவர்களுக்கான விளக்கம் இது.

எந்தப் பறவை எந்தக் கணக்கில்?

ஆண்டு முழுவதும் ஊரிலேயே இருப்பவை நிலைப் பறவைகள். மைனா, கரிச்சான், செம்போத்து, செம்மூக்கு ஆள்காட்டி, முக்குளிப்பான், வெண்மார்பு மீன்கொத்தி இதில் அடங்கும். குளிர்காலத்தை மட்டும் இங்கே கழித்துவிட்டு, முட்டையிட வடக்கே போகிறவை வலசைப் பறவைகள். மஞ்சள் வாலாட்டி, பழுப்புக் கீச்சான், தகைவிலான், நீலச்சிறகி, பொரி உள்ளான், சோளக்குருவி ஆகியவை ஏறக்குறைய எந்த மாவட்டத்திலும் காணக் கிடைப்பவை.

இந்த இரண்டோடு கணக்கு முடியாது. கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை போன்றவை பெரும்பாலும் நாட்டைவிட்டுப் போவதில்லை. தண்ணீரும் மீனும் இருக்கும் இடத்தைத் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் நகரும். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பெருந்திரளாகக் கூடு கட்டுபவை பெரும்பாலும் இவைதான். ‘வேடந்தாங்கலுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து குஞ்சு பொரிக்கின்றன’ என்று எழுதுவதும் பேசுவதும் இன்னும் நிற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் வலசைப் பறவை, சில விதிவிலக்குகள் தவிர, இங்கே கூடு கட்டாது. கூடு கட்டினால் அதன் சொந்த ஊர் இதுதான். இந்த ஒரு விஷயம் தெளிவானால் மற்றவை எளிது. நான்காவதாக, நம் ஊரில் சில நாள் மட்டும் தங்கி இரை எடுத்துவிட்டு மேலே பறக்கும் வழிப்போக்கர்களும் உண்டு. ஜனவரியில் ஒன்றுகூட இல்லாத ஒரு வகை, மார்ச் இறுதியில் ஒரே காலையில் கூட்டமாக இருந்து மறுநாள் காணாமல் போனால், அது அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

ஏன் கிளம்புகின்றன?

வெயில் தாங்காமல் ஓடுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். வெயில் ஏறும் முன்னரே பல பறவைகள் தயாராகிவிடுகின்றன. உடலுக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரமும் பகல் நீளும் அளவும் சேர்ந்துதான் அவற்றை உந்துகின்றன. திருச்சி போன்ற இடத்தில் டிசம்பர் கடைசி வாரத்துக்கும் மார்ச் 21-க்கும் இடையே பகல் ஏறக்குறைய 40 நிமிடம்தான் நீள்கிறது. இவ்வளவு சின்ன மாற்றமே போதுமா என்று தோன்றும். உள்ளே இருக்கும் கடிகாரம் முக்கால் வேலையைச் செய்துவிடுவதால் வெளியிலிருந்து சிறிய தூண்டல் போதுமானது.

வடக்கே கோடையில் பகல் மிக நீளம், பூச்சிகள் ஏராளம், இடத்துக்குப் போட்டி குறைவு. குஞ்சுகளுக்கு இரை ஊட்ட அது ஏற்ற இடம். நம் சேற்றில் ஓடித் திரியும் கொசு உள்ளான் சுமார் 25 கிராம்தான் இருக்கும். அது முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில். அவ்வளவு தூரம் போக எரிபொருள் வேண்டும். அதனால் மார்ச், ஏப்ரலில் வலசைப் பறவைகள் மும்முரமாகத் தின்று, தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்க்கும். வழக்கத்தைவிட நெருக்கமாக, ஆளைக்கூட அதிகம் பொருட்படுத்தாமல், தலை நிமிராமல் இரை எடுக்கும் உள்ளான் கூட்டத்தைக் கண்டால் காரணம் இதுதான். அப்போது அவற்றை எழுப்பிப் பறக்கவிட்டால் சேர்த்த கொழுப்பை வீணாகச் செலவழிக்க வைக்கிறோம்.

தண்ணீரின் ஆழத்தைப் படிக்கப் பழகுங்கள்

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி, மாசியில் வற்றத் தொடங்கும். மதகு திறந்து பாசனத்துக்குப் போவது பாதி, ஆவியாவது பாதி. கரையை ஒட்டி ஆழம் அதிகம். கரைக்கு எதிரே, நீர் வந்து சேரும் பக்கம் மேடு. அந்தப் பக்கத்தில்தான் முதலில் சேறு வெளியே தெரியும். பறவைகள் நிறைந்திருப்பதும் அங்கேதான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கரைமேல் நின்று, ஆழமான தண்ணீரைப் பார்த்துவிட்டு ‘நாலு நாமக்கோழிதான் இருக்கு’ என்று திரும்பிவிடுகிறார்கள்.

ஆழமான நீரில் முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா, நாமக்கோழி. முழங்கால் அளவு நீரில் தலையை மட்டும் அமிழ்த்தி வாலைத் தூக்கி மேயும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, புள்ளிமூக்கு வாத்து. அதற்கும் குறைந்த நீரில் நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் நிற்கும். அரை அங்குல நீர்ப்படலம் உள்ள சேற்றில் பொரி உள்ளானும் கொசு உள்ளானும். நீர் வடிந்து இன்னும் ஈரம் காயாத இடத்தில் பட்டாணி உப்புக்கொத்தி. முற்றிலும் காய்ந்து புல் முளைத்த இடத்தில் மஞ்சள் வாலாட்டி, ஆள்காட்டி. கால் நீளமும் மூக்கு நீளமும்தான் இந்த இடப் பங்கீட்டைத் தீர்மானிக்கின்றன. ஏரி வற்ற வற்ற இந்த வளையங்கள் எல்லாம் உள்நோக்கி நகரும். போன வாரம் வாத்து மேய்ந்த இடத்தில் இந்த வாரம் உப்புக்கொத்தி ஓடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏரி சீக்கிரம் வற்றிவிட்டால் வாத்துகள் வலசை கிளம்பாமலே பக்கத்து ஏரிக்கு மாறிவிடும். உங்கள் குறிப்பில் அது ‘புறப்பாடு’ போலத் தெரியும். ஆகையால் ஒவ்வொரு முறையும் நீர் எவ்வளவு இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்: முழுவதும், பாதி, கால் பங்கு, சேறு மட்டும். மீட்டர் கணக்கு வேண்டாம். மதகுப் படிக்கட்டில் எத்தனை படி தெரிகிறது என்று எழுதினால் அதைவிடத் துல்லியம் தேவையில்லை.

இறகு மாறும் காலம்

இந்தப் பருவத்தில் தவறான அடையாளங்கள் அதிகம் நேர்வதற்கு முதற்காரணம் இறகு மாற்றம். இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகும் பறவை, கையேட்டுப் படத்தில் இருப்பது போலவும் இராது, போன மாதம் நாம் பார்த்தது போலவும் இராது. இரண்டுக்கும் நடுவில் திட்டுத்திட்டாக இருக்கும்.

மடையானை எடுத்துக்கொள்வோம். குளிர்காலம் முழுவதும் பழுப்புக் கோடுகளோடு சேற்று நிறத்தில் நின்ற பறவை, கோடை நெருங்கும்போது முதுகில் அடர்ந்த செம்பழுப்புச் சால்வை போர்த்தியது போல மாறும். உண்ணிக்கொக்கின் தலை, கழுத்து, முதுகில் ஆரஞ்சு நிறம் ஏறும். இரண்டுமே நிலைப் பறவைகள். புதிய வகை என்று எண்ணிப் படம் அனுப்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஆண் நீலச்சிறகி வந்த புதிதில் பெட்டையைப் போலவே இருக்கும். பிப்ரவரிக்குள் கண்ணுக்கு மேல் பட்டையான வெள்ளைப் புருவம் தெளிந்துவிடும், தூரத்திலிருந்தும் தெரியும். மஞ்சள் வாலாட்டியின் மங்கிய வயிறு எலுமிச்சை மஞ்சளாகும். மீசை ஆலாவின் வயிறு கரும்சாம்பலாக மாறத் தொடங்கும். கருவால் மூக்கனின் கழுத்தும் மார்பும் செங்கல் நிறம் பெறும். ஊதாத் தேன்சிட்டு ஆண், நெஞ்சின் நடுவே ஒற்றைக் கரும்பட்டையோடு இருந்த நிலையிலிருந்து முழு மினுமினுப்புக்கு வரும்.

குறிப்பில் ‘இறகு மாறியது’, ‘பாதி மாறியது’, ‘மாறவில்லை’ என்று மூன்றே சொற்களில் எழுதினால் போதும். வலசைப் பறவைகளைப் பொறுத்தவரை இது புறப்படும் நாள் நெருங்குவதன் அடையாளம்.

குஞ்சுகளால் வரும் குழப்பம் வேறு. மழைக்காலத்தில் கூடு கட்டிய நீர்ப்பறவைகளின் இளம் பறவைகள் இந்த மாதங்களில் மரத்தைவிட்டு இறங்கும். சங்குவளை நாரையின் இளம் பறவைக்கு மார்பில் வளையமும் இல்லை, பின்சிறகில் இளஞ்சிவப்பும் இல்லை. அழுக்குச் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். வக்காவின் இளம் பறவை பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு மடையானின் பெரிய அண்ணன் போலத் தெரியும். நிறத்தை விட்டுவிட்டு உருவத்தையும் மூக்கின் வடிவத்தையும் பாருங்கள். அவை மாறுவதில்லை.

பிரித்தறியக் கடினமானவை

ஒரு பறவையைப் பார்த்ததும் நிறத்தை மனப்பாடம் செய்வதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்வது. அதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து ஆகிய நான்கில் எதன் அளவுக்கு நெருக்கம்? மூக்கு தலையைவிட நீளமா, குட்டையா, வளைந்ததா? எங்கே நிற்கிறது? என்ன செய்துகொண்டிருக்கிறது? நிறம் ஐந்தாவதாக வரட்டும். காலை வெயிலும் மேகமூட்டமும் நிறத்தைத் தாறுமாறாக மாற்றிக் காட்டும்.

ஏரியில் முதலில் குழப்புவது மூன்று உள்ளான்கள். சாதாரண உள்ளானின் மார்புக்கும் மடித்த சிறகுக்கும் நடுவே வெள்ளை நிறம் தோளை நோக்கி ஆப்பு போல ஏறியிருக்கும். நிற்கும்போது பின்புறத்தை ஓயாமல் ஆட்டும். பறந்தால் நீரை ஒட்டித் தாழ, சிறகை விறைப்பாகப் படபடத்துச் சறுக்கும். பெரும்பாலும் தனியே இருக்கும். பொரி உள்ளானின் முதுகில் வெள்ளைப் பொரி தூவியது போல் நிறையப் புள்ளிகள், கண்ணைத் தாண்டிப் பின்னே ஓடும் நீண்ட வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் கொண்ட கால்கள். கூட்டமாக இருக்கும், எழும்பும்போது ‘சிஃப்-சிஃப்-சிஃப்’ என்று கத்தும். பச்சை உள்ளானின் முதுகு கருமை, புருவம் கண்ணோடு நின்றுவிடும். பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம் கறுப்பாகவும் வால் மேல்பகுதி பளிச்சென்ற வெள்ளையாகவும் தெரியும். பொரி உள்ளானுக்கும் அந்த வெள்ளை உண்டு, ஆனால் சிறகின் அடிப்பக்கம் வெளிறியது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்க அவை தானாகப் பறக்கும் வரை காத்திருங்கள். கைதட்டிக் கிளப்ப வேண்டாம்.

கரிச்சானுக்கும் சாம்பல் கரிச்சானுக்கும் வேறுபாடு தெரிந்தால் தோப்புகளில் இன்னொரு வலசைப் பறவையின் கடைசி நாள் கிடைக்கும். கரிச்சான் மின்கம்பியிலும் மாட்டின் முதுகிலும் உட்காரும், மூக்கின் அடியில் சிறு வெள்ளைப் புள்ளி இருக்கும். சாம்பல் கரிச்சான் மரங்கள் அடர்ந்த இடத்தில் உயரக் கிளையை விரும்பும். வயிறு ஈயச் சாம்பல், கண் சிவப்பு. எதிர்வெயிலில் இரண்டும் கறுப்புதான். அப்படிப் பார்த்திருந்தால் ‘கரிச்சான் வகை’ என்று எழுதி விட்டுவிடுங்கள்.

பஞ்சுருட்டான்களில், வால்வரை பச்சையாகச் சின்னதாக இருப்பது ஊரிலேயே இருப்பது. அளவில் பெரிதாக, தொண்டை செம்பழுப்பாக, பின்முதுகும் வாலும் நீலமாக இருப்பது நீலவால் பஞ்சுருட்டான். ஏரிக்கரை மின்கம்பிகளில் குளிர்காலத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இது, தமிழ்நாட்டின் பெரும்பகுதியிலிருந்து ஏப்ரலுக்குள் மறைந்துவிடும். தொண்டையைப் பாருங்கள், வால் இலை மறைவில் போய்விடலாம்.

காதும் வேலை செய்யட்டும்

குளிர்காலத்தில் பேசாமல் இருந்த நிலைப் பறவைகள் மாசியில் வாய் திறக்கும். குயில் இங்கேதான் இருந்தது. கத்தாததால் தெரியாமல் இருந்தது. காகம் கூடு கட்டும் காலம் நெருங்கும்போது ஆண் குயில் கூவத் தொடங்கும். செம்மார்புக் குக்குறுவானின் ‘டுக்-டுக்-டுக்’ ஒரே சீராக நிமிடக்கணக்கில் ஓடும். தலையைத் திருப்பிக்கொண்டே கத்துவதால் ஒலி வெவ்வேறு திசையிலிருந்து வருவது போல் இருக்கும். ஒற்றைப் பறவையை மூன்றாக எண்ணிவிடாதீர்கள். குண்டுக்கரிச்சான் விடியலுக்கு முன்பே உயரமான கிளை உச்சியில் பாடும்.

வலசைப் பறவைகளில் காதால் மட்டுமே பிடிபடுகிற ஒன்று ஆறுமணிக் குருவி. விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிக்கும். புதருக்கடியில் சருகைக் கிளறித் திரிவதால் கண்ணில் படுவது அரிது. குப்பை, சருகு அள்ளாத தோட்டம் ஒன்று பக்கத்தில் இருந்தால் ஆறு மணி வாக்கில் ஐந்து நிமிடம் அங்கே நின்று கேளுங்கள். இதன் கடைசி நாளைக் காதாலேயே குறிக்கலாம்.

குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி உதவும். ஆனால் அது சொல்வது யோசனைதான், தீர்ப்பு ஆகாது. கரிச்சான் வல்லூறின் குரலை அப்படியே எடுத்துக் கத்தக்கூடியது. செயலி ‘வல்லூறு’ என்று காட்டும். செயலி காட்டிய பெயரைக் கண்ணாலோ, உங்களுக்கு நன்கு பழகிய காதாலோ உறுதி செய்யாமல் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

தொலைநோக்கி, வெளிச்சம், நேரம்

தொலைநோக்கியில் 8×42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. தொடங்குகிறவருக்கு இது நல்ல அளவு. எடை தொந்தரவு என்றால் 8×30 போதும். பத்து மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் பத்து மடங்காகும். பார்வைப் பரப்பும் குறுகும், பறக்கும் பறவையைப் பிடிப்பது கடினம். மடங்கை மாற்றிக்கொள்ளும் ‘ஜூம்’ வகையைத் தவிர்த்துவிடுங்கள், அதில் படம் மங்கும்.

வாங்கியதும் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் உள்ள வளையத்தைத் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால், இனி நடுச் சக்கரம் மட்டும் போதும். ‘தலைவலி வருகிறது’ என்று தொலைநோக்கியை மூட்டை கட்டிவைக்கிறவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே மடக்கிவிட வேண்டும்.

பறவையைக் கண்டதும் தலையைக் குனியாதீர்கள். பார்வையைப் பறவை மேலேயே வைத்துக்கொண்டு தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். சில நாள் பழகினால் வந்துவிடும்.

காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் சரியாகத் தெரியும். மாலையில் மேற்குக் கரை. இடம் மாற வழியில்லை என்றால் எதிர்வெயில் பக்கத்துப் பறவைகளை உருவத்தால் மட்டும் அறிந்து எழுதுங்கள். பிப்ரவரி நடுவில் ஆறரைக்குச் சூரியன் எழும், மார்ச் கடைசியில் ஆறேகாலுக்கு முன்பே. எழுந்ததும் தொடங்கி இரண்டு மணி நேரம் நல்ல நேரம். ஒன்பது மணிக்கு மேல் சேற்றுப் பரப்பிலிருந்து கானல் எழுந்து தூரத்துப் பறவைகள் நெளியும். அப்போது உள்ளான்களைப் பிரிக்க முயல்வது வீண்.

முழுப் பட்டியல் என்றால் என்ன?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிய பறவையை மட்டும் எழுதுவது குறிப்பு. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும், காகம், மைனா உட்பட, எழுதுவது முழுப் பட்டியல். முழுப் பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லை என்றால் ‘தேடினோம், தென்படவில்லை’ என்று பொருள் கொள்ள முடியும். துண்டுக் குறிப்பில் பெயர் இல்லை என்றால் எதுவும் சொல்ல முடியாது. பார்த்தும் எழுதாமல் விட்டிருக்கலாம். புறப்பாட்டைத் தெரிந்துகொள்ள முழுப் பட்டியல் தவிர வேறு வழி கிடையாது.

நடைமுறையில் இப்படி: ஏதாவது ஒரு ஏரி, குளம், தோப்பு, கல்லூரி வளாகம், எது வீட்டுக்குப் பக்கமோ அது. வாரம் ஒருமுறை, முடிந்தவரை அதே நேரம், அதே பாதை. தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர், வானிலை, நீர் அளவு. கீழே பறவைப் பெயரும் எண்ணிக்கையும். ஒரு பட்டியல் 15 நிமிடத்துக்குக் குறைய வேண்டாம். ஒரு மணி நேரம் இருந்தால் நல்லது. ஏரியிலிருந்து வயலுக்குப் போகிறீர்கள் என்றால் ஏரிப் பட்டியலை முடித்துவிட்டு வயலுக்குத் தனிப்பட்டியல் தொடங்குங்கள். பார்க்கும்போதே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் அரியவை மட்டும் நினைவிருக்கும், புள்ளிப்புறா விடுபடும்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதலாம். இபேர்ட் செயலியில் எழுதினால் அது உலகப் பொதுத் தரவில் சேரும். 2002-இல் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தொடங்கிய இலவசத் தளம் அது. பட்டியலைப் பதிவேற்றும் முன் ‘அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிகிறீர்களா’ என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். காகத்தையும் எழுதியிருந்தால் ஆம் என்று சொல்லலாம். அடையாளம் தெரியாதவற்றை விட்டுவிட்டாலும் அது முழுப் பட்டியல்தான். ஊகத்தில் பெயர் போடுவதுதான் தரவைக் கெடுக்கும். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் நான்கு நாள் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து பழக இவை நல்ல வாய்ப்பு. ஆனால் புறப்பாட்டைப் பிடிக்க வேண்டியது அவை முடிந்த பிறகுதான்.

எண்ணிக்கை பயமுறுத்த வேண்டியதில்லை. பெருங்கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை பிடித்திருக்கும் இடத்தைக் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முழுவதிலும் அப்படி எத்தனை இடம் என்று பாருங்கள். பறக்கும் கூட்டத்துக்கும் அதே வழி. முன்பகுதி அடர்த்தியாகவும் வால்பகுதி சிதறியும் இருக்கும் என்பதால் நடுப்பகுதியில் பத்தை எண்ணுங்கள். அந்தியில் அடையும் சோளக்குருவிக் கூட்டத்தை, அவை மரத்துக்கு வரும் வழியில் நின்று குழுகுழுவாக எண்ணுவது சுலபம். மரத்தில் உட்கார்ந்த பிறகு எண்ணுவது நடக்காத காரியம்.

உள்ளான், உப்புக்கொத்தி வகைகளின் காலைப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாக, பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய, அவற்றின் காலில் வளையம் இட்டு வருகிறது. வண்ணக் கொடி கட்டிய கால் தெரிந்தால், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிறங்கள், எழுத்து ஏதாவது உண்டா என்று எழுதி, மங்கலாக இருந்தாலும் படமெடுத்து அந்தக் கழகத்துக்கு அனுப்பலாம். நிறங்களின் வரிசை மாறினால் வளையமிட்ட நாடே மாறிவிடும். அதனால் அந்த இடத்திலேயே எழுதுங்கள்.

கூடு கட்டுபவற்றின் பக்கம்

ஆள்காட்டி தரையில், சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையின் நிறம் மண்ணோடு மண்ணாகக் கலந்திருக்கும். தலைக்கு மேல் வட்டமிட்டு விடாமல் கத்தினால் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். முன்னே போகாமல், வந்த தடத்திலேயே திரும்புங்கள். பங்குனி வெயிலில் தாய் எழுந்துபோன முட்டை சீக்கிரமே சூடேறிக் கெட்டுவிடும். வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து ஆள்காட்டி முட்டைகளைக் குளிர்விக்கும். நாம் அங்கே நின்றால் அதுவும் நடக்காது.

சின்னப் பஞ்சுருட்டான் மண்மேட்டின் பக்கவாட்டில் வளை தோண்டும். கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில்கூடத் தோண்டிவிடும். அள்ளும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலானோர் கேட்டுக்கொள்வார்கள். பனங்காடை மொட்டைப் பனையின் பொந்தைப் பிடிக்கும். ஆண் உயரே ஏறித் தலைகுப்புறப் புரண்டு விழுவதை மார்ச்சில் பார்க்கலாம். பட்டுப்போன பனையை வெட்டாமல் விட்டுவைக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

கூட்டின் படத்தைப் பகிர வேண்டாம், இருப்பிடத்தை எழுத வேண்டாம், இலையை விலக்கிப் படம் எடுக்க வேண்டாம். விலக்கிய இலை வழியாகக் காகம் பார்த்துவிடும். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்தக் காலத்தில் கூடாது. எதிரி வந்துவிட்டது என்று ஆண் பறவை இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு வரும்.

கடைசி நாளை எப்போது எழுதுவது?

வாத்துகள் முதலில் போகும். மார்ச் கடைசிக்குள் பெரும்பாலானவை காலி, நீலச்சிறகி சற்றுத் தாமதிக்கும். பூனைப்பருந்துகளும் ஏறக்குறைய அதே சமயத்தில். சோளக்குருவி, மஞ்சள் வாலாட்டி, பழுப்புக் கீச்சான் ஏப்ரலில். உள்ளான் வகைகள் ஏப்ரல் முழுவதும், சில மே முதல் வாரம் வரை. இவை பொதுவான கணக்கு. உங்கள் ஊர்க் கணக்கு இதிலிருந்து பத்து நாள் முன்பின்னாக இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் பட்டியல்.

ஒரு பறவை ஒரு வாரம் தென்படவில்லை என்றால் போய்விட்டது என்று எழுதிவிட வேண்டாம். தொடர்ந்து மூன்று முழுப் பட்டியல்களில் இல்லை என்றால், கடைசியாகக் கண்ட தேதியைப் ‘கடைசி நாள்’ என்று குறியுங்கள். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடிய மட்டும் வாரம் இருமுறை போக முடிந்தால் தேதி இன்னும் நெருக்கமாகக் கிடைக்கும். கூட்டம் போன பிறகு தங்கிவிடும் ஒற்றைப் பறவையை வைத்துக் கடைசி நாளை எழுதினால் கணக்கு ஏமாற்றும். அதனால் இரண்டு தேதிகள் எழுதுங்கள்: கூட்டமாகக் கண்ட கடைசி நாள், ஒன்றாவது கண்ட கடைசி நாள்.

ஜூனில் ஒரு பொரி உள்ளான் சேற்றில் நின்றால் அடையாளத்தைச் சந்தேகித்து அழித்துவிடாதீர்கள். உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி வகைகளில் முதல் ஆண்டு இளம் பறவைகள் பல வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும். இனப்பெருக்க இறகு ஏறியிருக்கிறதா, பழைய மங்கிய இறகிலேயே இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். ஜூலை கடைசியில் இன்னும் சில வந்து சேர்ந்தால் அவை தங்கியவை அல்ல, வடக்கே போய்த் திரும்பிய முதல் முதிர்ந்த பறவைகள். இளம் குஞ்சுகள் அவற்றுக்குப் பின்னால், சில வாரம் கழித்துத்தான் வரும்.